வங்கி மூடியது, ரூபாத் தாள் பிறந்தது
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: அந்தக் காலத்தில் இலங்கையில் தனியார் வங்கிகளே பணத்தாள் அச்சிட்டனவாம். அதை அரசாங்கம் கையில் எடுத்தது ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: எல்லாம் கோப்பி செய்த வேலை. அப்போது தாள் வெளியிட்டவற்றுள் பெரியது ஓரியண்டல் வங்கி. கோப்பித் தோட்டங்களுக்கு அது அள்ளிக் கொடுத்திருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் தோட்டங்களை அழித்தது; கொடுத்த கடன் திரும்பி வரவில்லை. 1884 மே மாதம் வங்கி படுத்துவிட்டது.

வங்கித்தாள் என்பது வெறும் வாக்குறுதி. ‘கேட்டால் காசு தருவேன்’ என்றவரே காணாமல் போனால் கையில் இருப்பது கடதாசிதான். ஆளுநர் ஆர்தர் கோர்டன் துணிந்து, அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்றார். திறைசேரிக்கு ஆபத்தான வாக்குத்தான். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கடைவீதியே முடங்கியிருக்கும். அதே ஆண்டு, தாள் வெளியிடும் வேலையை அரசாங்கத்திடம் ஒப்படைத்த 32ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது. நாணய ஆணையாளர்களின் பெயரில் வெளியான அரசாங்கத் தாள்கள் 1885ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்கியவை. மத்திய வங்கி தொடங்கிய 1950 வரை இதே ஏற்பாடுதான்.

ஒரு குறிப்பு: ரூபா, சதக் கணக்கு இங்கே வந்தது 1872இல். பழைய வங்கித்தாளில் பவுண் என்று இருந்தால், அது பெரும்பாலும் அதற்கு முந்தியது.

கேள்வி: அப்பப்பாவின் பெட்டியில் ‘3 சதம்’ என்ற சிறு தாள் கிடைத்தது. ஒரு ஓரம் முத்திரை போலப் பற்பல்லாக இருக்கிறது. போலியா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போலி என்று அவசரப்பட வேண்டாம். போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு. 1942இல் 5 சதத்துக்கும் தாள் அடித்தார்கள். நடுவில் துளைவரிசை, கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். சில்லறைக்கு அப்படி ஒரு வழி! கிழிபடாத முழுத்தாளுக்கே சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகம். வாங்கப் போனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரு பாதிகளை ஒட்டியிருந்தால் துளைவரிசை நெடுகப் பசை இருண்டு தெரியும்.

கழுவவோ ஸ்திரி போடவோ வேண்டாம்; தாளின் இயல்பான விறைப்பு போய்விடும், விலையும் விழும். செலோடேப் பசை காலப்போக்கில் மஞ்சளாகி இழைக்குள் இறங்கும். லாமினேட் செய்தால் மீட்க வழியே இல்லை. மலிவான பிவிசி உறையும் நம் ஊர்ப் புழுக்கத்தில் தாளில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறையில், மடிக்காமல், இருட்டில் வையுங்கள்.