கத்தரி வெட்டும், செடியே ஒட்டிக்கும்

கேள்வி: ஜீன் எடிட்டிங் பண்ணின பயிர்னா வேற உயிரோட ஜீனை உள்ள நுழைக்கிறதுதானே? மரபணு மாற்றப் பயிர்ங்கிறதும் இதுவும் ஒண்ணுதானா?

பதில்: அப்படியும் பண்ணலாம், ஆனா பெரும்பாலும் அது இல்லீங்க. கிரிஸ்பர்ங்கிற ஜீன் கத்தரிக்கோல்ல ஒரு வழிகாட்டி ஆர்என்ஏ இருக்கும், அதோட சுமார் 20 எழுத்து (எழுத்துன்னா ஆர்என்ஏ, டிஎன்ஏ வரிசையில இருக்கிற ரசாயனத் துண்டு) எங்க பொருந்துதோ அங்க கேஸ்9ங்கிற புரதம் டிஎன்ஏவை வெட்டிடும், அப்புறம் செடியே அவசர அவசரமா அதை ஒட்டும்போது ஒண்ணு ரெண்டு எழுத்து விட்டுப்போகும் இல்ல கூடிப்போகும், அந்த ஜீன் முடங்கிடும், அவ்வளவுதான். இந்த வெட்டுற கருவியோட ஜீனை முதல்ல செடிக்குள்ள வச்சிருந்தாலும் அடுத்த தலைமுறையில அது இல்லாத கன்னுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கலாம். ரொட்டி கோதுமைதான் தலைவலி, நிறைய ஜீனுக்கு மூணு செட் இருக்கும், ஒண்ணை விட்டாலும் வேலைக்காகாது. 2014ல டேலன்ங்கிற பழைய கத்தரியை வச்சு சாம்பல் நோய்க்கு இடம் கொடுக்கிற எம்எல்ஓங்கிற ஜீனோட மூணு செட்டையும் முடக்கி, அந்த நோயைத் தாங்குற கோதுமையைக் கொண்டுவந்தாங்க, பெரிய வேலை அது! என்னைக் கேட்டா வெட்டுறதைவிட எடிட் ஆன செல்லுல இருந்து முழுச் செடியை வளர்த்து எடுக்கிறதுதான் கஷ்டம், சில ரகம் டிஷ்யூ கல்ச்சர்ல அசையவே அசையாது.