ஒருமுறை தகவல் திருடுபோன நிறுவனத்தை மறுபடி நம்பலாமா?

கேள்வி இதுதான்: வேகமாக வளர்ந்துவரும் ஒரு டெக் நிறுவனத்திடமிருந்து நம் தகவல்கள் திருடுபோய்விட்டன என்று தெரிந்தால், கணக்கை மூடிவிட்டு விலகுவதா, தொடர்வதா?

நான் இந்த விஷயத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளராக, "உங்கள் தகவல்களின் பாதுகாப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஆரம்பிக்கும் மெயில்கள் இதுவரை ஐந்தாறு வந்துவிட்டன. (அப்படி ஆரம்பித்தாலே ஏதோ பறிபோய்விட்டது என்று புரிந்துகொள்ளலாம்.) அதற்கெல்லாம் முன்பு, மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், என் பதில் அங்கிருந்துதான் வருகிறது.

நான் சேர்ந்தபோது மொத்தம் பதினைந்து பேர். டேட்டாபேஸுக்குள் போக ஒரே ஒரு பாஸ்வேர்டு, எல்லோருக்கும் தெரியும். பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் நானூறு பேர் ஆனோம். பாஸ்வேர்டு அதேதான். அதை மாற்றினால் எந்தெந்த புரோகிராம் நின்றுபோகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, அதனால் யாரும் கைவைக்கவில்லை. வேலையை விட்டுப் போனவர்கள் அதையும் மனதில் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். வாரம் தவறாமல் புது வசதி வெளியாக வேண்டும், வெளியானால் கைதட்டல் உண்டு. பழைய சாவியை மாற்றுகிறவனுக்கு யார் கைதட்டுவார்கள்?

ஒருநாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, "மாதாமாதம் இந்த சர்வருக்குப் பணம் கட்டுகிறோமே, இது யாருடையது?" என்று கேட்டார். யாருடையது என்று தெரியவில்லை. திறந்து பார்த்தால், வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடைய பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் அடங்கிய முழு நகல். எப்போதோ ஒருவர் சோதனைக்காக எடுத்து வைத்தது. அவர் வேலையை விட்டே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த சர்வருக்கு பாஸ்வேர்டுகூடக் கிடையாது, முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நுழையலாம். பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருந்தது, ஆனால் கண்டுபிடித்தது பில்தான்.

சரி, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா? யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற லாக் முப்பது நாளுக்கு மட்டுமே இருந்தது. அந்த முப்பது நாளில் யாரும் வரவில்லை. அதற்கு முந்தைய பதினேழு மாதம்? அன்று மாலை நடந்த கூட்டத்தில் ஒரு வாக்கியம் தயாரானது: "தகவல்கள் எடுக்கப்பட்டதற்கான எந்த ஆதாரமும் இல்லை." சொல்லுக்குச் சொல் உண்மை. ஆதாரத்தைப் பதிந்து வைக்கவே இல்லையே, அப்புறம் எங்கிருந்து வரும்? சர்வரை அணைத்தார்கள். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுகிறேன். பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனம் 2022 ஆகஸ்டில் தங்கள் சோர்ஸ் கோடு (மென்பொருளை எழுதிய மூல வரிகள்) திருடுபோனதாக அறிவித்தது. வாடிக்கையாளர் தகவல்களையோ பாஸ்வேர்டு பெட்டகங்களையோ யாரும் தொட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அப்போது அது பொய்யில்லை. ஆனால் அந்தத் திருட்டில் கிடைத்ததை வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அந்தப் பெட்டகங்களின் பேக்கப் நகலைத் திறக்கும் சாவிகள் நான்கே நான்கு எஞ்சினியர்களிடம் இருந்தன. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அவர் தட்டச்சு செய்த மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்துவிட்டார்கள். டிசம்பர் 22 அன்று, விடுமுறைக்கு எல்லோரும் கிளம்பும் நேரத்தில், வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகலே போய்விட்டது என்று நிறுவனம் சொன்னது. உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டவை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதவை. எந்தெந்த இணையதளத்துக்கு என்ற முகவரிகள் அப்படி இல்லை. ஒருவர் எந்த வங்கியில், எந்த கிரிப்டோ தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்று திருடனுக்குத் தெரிந்தால், யாருடைய பூட்டை முதலில் உடைத்துப் பார்க்கலாம் என்றும் தெரிந்துவிடும்.

மறைப்பதில் உச்சம் என்றால் ஊபர்தான். 2014-ல் ஒரு எஞ்சினியர் சர்வர் சாவியை கிட்ஹப்பில் (புரோகிராமர்கள் கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டுவைத்ததால் ஓட்டுநர்களின் தகவல்கள் கசிந்தன. அது குறித்து அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி அமைப்பு விசாரித்துக்கொண்டிருந்தது. ஊபரின் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் 2016 நவம்பரில் அவர்கள்முன் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். பத்து நாள் கழித்து அவருக்கே திருடர்களிடமிருந்து ஒரு மெயில்: மறுபடி கிட்ஹப், மறுபடி சாவி, இந்த முறை 5.7 கோடி பேரின் தகவல்கள். ஊழியர்கள் சிலரின் பழைய பாஸ்வேர்டுகள் வேறு கசிவுகளில் வெளியானவை, அவற்றைப் போட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்கள். ஊபர் அந்தத் திருடர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. குறை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குத் தரும் பரிசுத் திட்டத்தின் கணக்கில் எழுதியது. "எந்தத் தகவலையும் எடுக்கவில்லை" என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. திருடனிடமே நற்சான்றிதழ்! புது தலைமை அதிகாரி வந்தபின் 2017 நவம்பரில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க மாநிலங்களுடன் 14.8 கோடி டாலருக்கு சமரசம், 2022-ல் சல்லிவன் குற்றவாளி என்று தீர்ப்பு.

இதை நான் ஒரு தனி மனிதரின் கெட்ட புத்தியாக மட்டும் பார்க்கவில்லை. அடுத்த சுற்று முதலீடு, பங்குச்சந்தை என்று ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தில் ஒரு கெட்ட செய்தியின் விலை மிக அதிகம். எங்கள் கூட்டத்தில் இருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. அந்த மாதம் ஒரு முதலீட்டாளர் வரவிருந்தார், அவ்வளவுதான்.

முதல் அறிவிப்பு அரைகுறையாக இருப்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அமைப்பிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் முழுக் கதை தெரிந்திருக்காது. நான் பார்ப்பது, தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுகிறார்களா என்பதை. 2017 பிப்ரவரியில், பல இணையதளங்களுக்கு நடுவில் நின்று வேகமும் பாதுகாப்பும் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர்களிலிருந்து அடுத்தவர் தளங்களின் தகவல்கள் துண்டு துண்டாக வெளியே சிந்துவதை கூகுளில் வேலை செய்த டேவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்தார். ஒரு வாரத்துக்குள் நிறுவனம் நீண்ட விளக்கம் எழுதியது. புரோகிராமில் 'சமமா' என்று மட்டும் சோதித்த இடத்தில் 'சமமோ அதிகமோ' என்று சோதித்திருந்தால் இது நடந்திருக்காது என்று, தப்பு நடந்த வரியையே எடுத்துப் போட்டது. படிக்கும்போது அவர்களுக்காக எனக்கே கூச்சமாக இருந்தது. நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

வீடியோ கூட்டம் நடத்தும் ஜூம் இன்னொரு மாதிரி. 2019 டிசம்பரில் ஒரு நாளில் அதிகபட்சம் ஒரு கோடி பேர் கலந்துகொண்ட சேவை, 2020 மார்ச்சில் 20 கோடியைத் தொட்டது. எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் (பேசுகிறவர்களைத் தவிர நிறுவனம்கூடக் கேட்க முடியாத பூட்டு) இருக்கிறது என்று விளம்பரம் செய்திருந்தார்கள், அப்போது உண்மையில் இல்லை. அது எனக்கு இன்றும் நெருடல்தான். ஆனால் 90 நாள் புது வசதி எதுவும் கிடையாது, பாதுகாப்பு வேலை மட்டும்தான் என்று ஏப்ரலில் அறிவித்து ஓட்டத்தை நிறுத்தினார்களே, அதன் கனம் உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் 90 நாள் வேண்டாம், ஒன்பது நாள் கேட்டோம், கிடைக்கவில்லை.

இனி கணக்கை மூடுவது பற்றி. போன தகவல் போனதுதான், மூடினால் திரும்பி வராது. இனிமேல் போகப்போவதை மட்டுமே தடுக்கலாம், அதுவும் 'முடக்கு' என்ற பொத்தானை அழுத்தாமல், தகவல்களை அழிக்கச் சொல்லி எழுதிக் கேட்டால். என்ன போனது என்பதைப் பொறுத்து என் அவசரம் மாறும். பாஸ்வேர்டு என்றால் பத்து நிமிட வேலை. பிறந்த தேதியை மாற்ற முடியாது. மரபணுவை நிச்சயமாக மாற்ற முடியாது. மரபணுச் சோதனை செய்து தரும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-ல் சுமார் 14,000 கணக்குகளுக்குள்தான் புகுந்தார்கள். உறவினர்களைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரங்கள் கிடைத்துவிட்டன. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது உங்கள் கவனக்குறைவு என்று பாதிக்கப்பட்டவர்கள் தரப்புக்கே நிறுவனத்தின் வக்கீல்கள் கடிதம் எழுதினார்கள். தன் கணக்கை ஒழுங்காகப் பூட்டி வைத்திருந்தவர், பெரியப்பா பேரனின் பாஸ்வேர்டுக்கு என்ன செய்ய முடியும்? 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது, மரபணுத் தகவல்கள் சொத்துப் பட்டியலில் சேர்ந்து ஏலத்துக்கு வந்தன. வளரும் நிறுவனத்திடம் நாம் கொடுப்பது, அதை நாளை யார் வாங்குவார்களோ அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக எனக்கு வந்த மெயில் ஒரு சின்ன நிறுவனத்திடமிருந்து. முதல் வரியிலேயே தேதி, இரண்டாவது வரியில் என்னென்ன போனது. நாலாவது வரி இப்படி இருந்தது: "எங்களிடம் 60 நாள் லாக் மட்டுமே இருக்கிறது. அதற்கு முன் யாராவது வந்தார்களா என்று எங்களால் சொல்ல முடியாது." அந்த வரியை மூன்று தடவை படித்தேன். கணக்கை மூடவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், பிறந்த தேதி என்ற கட்டத்தில் ஒரு பொய்த் தேதியைப் போட்டேன்.