கேள்வி – பதில்: உறைந்த மெழுகு பிரியுமா?

கேள்வி: 30 கார்பன் சங்கிலி கொண்ட தூய பாரஃபின் மெழுகையும் 36 கார்பன் கொண்டதையும் சரிபாதியாக உருக்கிக் கலந்து, சட்டென்று குளிர வைத்தேன். ஒரே சீரான வெள்ளைக் கட்டி கிடைத்தது. "சும்மா வைத்திரு, தானாகப் பிரியும்" என்கிறார் ஆசிரியர். உருகாமல் எப்படிப் பிரியும்?
– வேதியியல் மாணவி

பதில்: ஆசிரியர் சொன்னது சரி. நானும் ஒரு காலத்தில் நம்பாதவன்தான். இதே ஜோடியில், 36 கார்பன் சங்கிலிக்கு மட்டும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஒரு கலவையைச் சோதித்தேன். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த அகச்சிவப்பு நிறமாலையில் (எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) ஒற்றை முகடு. திங்கட்கிழமை அதே முகடு இரண்டாகப் பிளந்திருந்தது. முதலில் கருவியைத்தான் திட்டினேன், பாவம். ஒரே வகைச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் திரளும்போதுதான் அந்த முகடு பிளக்கும்.

காரணம் நீளம். படிகத்துக்குள் இந்த மூலக்கூறுகள் கட்டி வைத்த பென்சில்களைப் போல அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒரு கார்பன் கூடினால் நீளம் 0.127 நானோமீட்டர் கூடும். உங்கள் ஜோடியில் வித்தியாசம் ஆறு கார்பன், அதாவது ஏறக்குறைய 0.76 நானோமீட்டர். குட்டைச் சங்கிலியின் தலைமாட்டில் வெற்றிடம் விழுகிறது. நெட்டைச் சங்கிலியின் வால் அதற்குள் மடங்கிக் கிடக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கார்பன் வித்தியாசம் என்றால் சமாளித்துக்கொள்ளும். ஆறு அதிகம்.

பிறகு ஏன் முதலில் கலந்தது? உருகுநிலைக்குச் சற்றுக் கீழே பாரஃபினுக்கு ஓர் இடைநிலை உண்டு. சங்கிலிகள் வரிசை குலையாமல் தம் அச்சிலேயே சுழலும். 1932இல் அலெக்ஸ் முல்லர் எக்ஸ் கதிர் கொண்டு கண்டது இது. அந்தத் தளர்ந்த நிலை நீள வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். நீங்கள் அவசரமாகக் குளிர்வித்ததில் அந்தக் கலவை அப்படியே சிறைப்பட்டது. ஆனால் 66 டிகிரியிலும் 76 டிகிரியிலும் உருகும் பொருள்களுக்கு அறை வெப்பநிலை அப்படியொன்றும் கடுங்குளிர் அல்ல. சங்கிலிகள் நீளவாக்கில் நழுவி, நாள்கணக்கில் தம் இனத்தைத் தேடிச் சேர்கின்றன. திரள்கள் மிகச் சிறியவை. கட்டியை வெட்டிப் பார்த்தாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் சாதாரண மெழுகுவத்தியும் பிரியுமா?
– இன்னொரு வாசகர்

பதில்: பொதுவாகப் பிரியாது. அதில் சுமார் 20 முதல் 40 கார்பன் வரை எல்லா நீளமும் வரிசையாக இருக்கின்றன. இடைப்பட்டவை வெற்றிடங்களை நிரப்பிவிடுகின்றன. நடுவிலுள்ள நீளங்களை மட்டும் நீக்கிவிட்டால் அதுவும் இரண்டாகப் பிரியும்.