ரசீதைக் காட்டிப் பிறகு கழிக்க முடியாது, ஆனால் பற்றுச்சீட்டு அப்படியே இருக்கும்

குளிர்பதனப் பெட்டியை முழு விலைக்கு வாங்கிவிட்டு, பிறகு ரசீதைக் காட்டி 400 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டில் (மின்சாரம், தண்ணீர் மிச்சப்படுத்தும் பொருள்கள் வாங்க சிங்கப்பூர் அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுப்பது) கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க. அது கடையில் பணம் கட்டும்போதே கைப்பேசியிலுள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கழிப்பது.

சரி, தொகை எங்கும் போய்விடவில்லை. வீட்டில் ஒருவர் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) வழியாகப் பற்றுச்சீட்டை எடுத்து, அதன் இணைப்பை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அனுப்பினால் போதும். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். டிசி மின்விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடுவது), எல்இடி விளக்கு, சலவை இயந்திரம் எல்லாம் இதை வைத்து வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் உண்டு. வெயிலுக்கு நான் முதலில் மின்விசிறியைத்தான் மாற்றுவேன்.

குளிரூட்டி வாங்கினால் மின்சிக்கன லேபிளில் 5 டிக் (டிக் கூடினால் மின்சாரம் அதிகம் மிச்சம்) இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். விற்பனையாளர் “இதுவும் மின்சாரம் மிச்சம்தான் அண்ணே” என்று 4 டிக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார். அதற்குப் பற்றுச்சீட்டு செல்லாது. அப்புறம், திட்டத்தில் சேர்ந்த கடைதானா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.