வெர்தன் வீரரும் விஷி தலைவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போர் குறித்த தங்கள் கட்டுரையில் மார்ஷல் பிலிப் பெத்தானை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1916இல் பிரான்சின் வெர்தன் நகரை ஜெர்மானியப் படையிடமிருந்து காத்தவர் அவர். 1940க்குப் பின், ஜெர்மனியுடன் ஒத்துழைத்த விஷி அரசின் தலைவராக அவர் செய்தவற்றைத் தனியே வைத்துவிட்டு, படைத்தலைவருக்குரிய மரியாதையை மட்டும் அளிப்பதில் என்ன தவறு?

எஸ்., புதுச்சேரி

அன்புள்ள எஸ்.,

2018இல் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஏறத்தாழ இதையே சொல்லிக் கடும் எதிர்ப்புக்கு ஆளானார். பெத்தானின் திறமையை நான் மறுக்கவில்லை. ரயில் பாதைகள் எதிரியின் பீரங்கிகளுக்கு இலக்காகிவிட்ட நிலையில், பார்-லெ-துக்கிலிருந்து வரும் ஒற்றைச் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடின. எந்தப் படைப்பிரிவும் அங்கேயே கிடந்து மடியாதபடி சுழற்சி முறையில் ஆட்கள் மாற்றப்பட்டார்கள். படையின் பெரும்பகுதி இவ்வாறு வெர்தனுக்குப் போய்வந்ததால், நாடெங்கும் குடும்பங்களில் அவர் பெயர் புழங்கியது. 1917இல் கலகம் செய்த வீரர்களில் ஏறத்தாழ 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டது அவர் தலைமையில்தான் என்றாலும், விடுப்பையும் உணவையும் அவர் சீர்செய்ததால், வீரர்களின் உயிரை வீணாக்காதவர் என்ற பெயரே நிலைத்தது.

பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்ற 1940 ஜூனில், 84 வயதில், போரை நிறுத்த வேண்டும் என்று அவர் வானொலியில் அறிவித்தபோது மக்கள் நம்பியது அந்தப் பெயரைத்தான். ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம் 569க்கு 80 என்ற வாக்கில் முழு அதிகாரத்தையும் அவரிடம் ஒப்படைத்தது. (உங்கள் ஊரின் பிரெஞ்சு நிர்வாகம் அதே ஆண்டு செப்டம்பரில், லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த தளபதி தெ கோலின் பக்கம் சேர்ந்துகொண்டது.) வெர்தனில் சேர்த்த மூலதனத்தைக் கொண்டுதான் அவர் விஷியில் கடை திறந்தார், அதனால் இரண்டையும் பிரித்து மதிப்பிட என்னால் இயலவில்லை.

முதுமையில் பிறர் கைப்பாவையாக இருந்தார் என்பாரும் உண்டு. ஆனால் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கிய 1940 அக்டோபர் சட்டத்தின் வரைவு 2010இல் வெளிவந்தது. பிரான்சில் நெடுங்காலமாக வேரூன்றிய யூதக் குடும்பங்களுக்கு விலக்களித்த பிரிவு அதில் பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கிறது. அது பெத்தானின் கையெழுத்து என்று அடையாளம் காணப்பட்டுள்ளது.

1945இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையைத் தெ கோல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்; 1951இல் யோ தீவில் பெத்தான் இறந்தார். வெர்தன் வீரர்கள் உறங்கும் தூமோனில் அடக்கம் செய்வதற்காக அவருடைய சவப்பெட்டியை ஆதரவாளர்கள் 1973இல் திருடிச் சென்றனர். அங்கே சேர்த்துவிட்டால் பிற்பகுதி மறைந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அரசு அதை மீட்டுத் தீவிலேயே மீண்டும் அடக்கம் செய்தது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து.