சிறிய டிராக்டரில் கேமராத் திரை அணைவதும் படத்தில் கோடுகள் ஓடுவதும்

வணக்கம். டிராக்டரின் பின்புறம் கேமரா பொருத்திய பிறகு, என்ஜினைக் கிளப்பும்போது திரை அணைந்து மீள்வதாகவும், ஓடும்போது படத்தில் கோடுகள் ஊர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு.

ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் சில நொடிகளில் 12 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால், திரை அணைவதைப் பொருட்படுத்த வேண்டாம். கவனிக்க வேண்டியவை கோடுகள்தான். என்ஜினின் வேகத்தோடு அவையும் மாறினால், என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சல் உள்ளே நுழைகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கேமராவின் எர்த் ஒயரைப் பின்பக்கச் சட்டத்திலும் திரையினுடையதை டேஷ்போர்டிலும் தனித்தனியே முடுக்கியிருந்தால், இரண்டையும் ஒரே இடத்துக்கு, முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே, கொண்டுவந்து பாருங்கள். (பெயின்டைச் சுரண்டாமல் இரும்பில் முடுக்கிய எர்த்தை நான் எர்த்தாகவே கணக்கில் எடுப்பதில்லை.) அதற்கும் அடங்காவிட்டால், வீடியோ கேபிளை ஆல்டர்னேட்டர் ஒயர்களிலிருந்து விலக்கிவிட்டு, திரைக்குச் செல்லும் மின் இணைப்பில் அந்த இரைச்சலை வடிகட்டும் நாய்ஸ் ஃபில்டர் ஒன்றைச் சேர்க்கலாம்.

பாசிட்டிவ் இணைப்பை, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து ஃபியூஸ் வைத்து எடுங்கள். கேபிள், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ ஷாஃப்ட்டின் பக்கம் போகவே கூடாது. பின்புறத் தூக்குக் கைகளை முழுதும் உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்த பிறகே அதை இறுக்கிக் கட்டுங்கள்.