காப்பகத்தில் கண் அயராத குழந்தை: கேள்வி பதில்

காப்பகத்தின் கைக்குழந்தைகள் அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பகல் தூக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உடல்நலம் பற்றிய சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 6 மாதம். வீட்டில் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாள். காப்பகத்தில் அரை மணியில் எழுந்துவிடுகிறாளாம். சரியாகக் கவனிக்கவில்லையோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பதில்: முதலில் அந்தச் சந்தேகத்தை ஓரமாக வையுங்கள். கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம்தான். 30 நிமிடம் தாண்டினாலே தூக்கம் மெலிந்து, குழந்தை நெளியத் தொடங்கும். உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அறை இருட்டாக, அமைதியாக இருப்பதால் அவள் அடுத்த சுற்றுக்குள் போய்விடுகிறாள். காப்பகத்தில் சரியாக அந்த நொடியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிடும். கோழித்தூக்கத்தோடு முடிந்துவிடுகிறது.

காப்பாளரிடம் இரண்டு உதவி கேளுங்கள். கட்டிலைக் கதவோரத்திலிருந்து தள்ளிப் போட முடியுமா? நெளியும்போதே ஒருவர் வந்து மார்பின்மேல் லேசாகக் கை வைத்திருக்க முடியுமா? எழுந்து அழுத பிறகு ஆயிரம் தட்டித் தூங்கவைத்தாலும் பலிக்காது. இவ்வளவும் செய்தும் அரை மணிதான் என்றால், இரவு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகப் படுக்கவையுங்கள். 4 முதல் 12 மாதக் குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் போதும். பகலை மட்டும் எடுத்து எண்ணிக்கொண்டிருந்தால் கவலைதான் மிஞ்சும்.

கேள்வி: 8 மாத மகன் பால் குடித்தபடியேதான் தூங்குவான். காப்பகத்தில் சேர்க்கும் முன் இந்தப் பழக்கத்தை நிறுத்தியாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். குழந்தைகள் ஆளுக்கு ஏற்றபடி பழகிக்கொள்வார்கள். அம்மாவிடம் பால், காப்பாளரிடம் தட்டிக்கொடுத்தல் என்று அவனே பிரித்துவைத்துக்கொள்வான். காப்பாளர் செய்வது மட்டும் நாள்தோறும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்: டயபர் மாற்றுவது, திரையை இழுத்துவிடுவது, ஒரே பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடுவது, கட்டிலில் விடுவது. பாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் குரலுக்கே எத்தனையோ பேர் தூங்கியிருக்கிறார்கள்.

8, 9 மாதத்தில் அம்மா கண்ணில் படாவிட்டால் கலங்கும் பருவமும் சேர்ந்துகொள்ளும். அதனால் சில நாட்கள் அழுகை கூடுதலாகவே இருக்கும். முடிந்தால் சேர்க்கும் முன் ஒன்றிரண்டு பகல் வேளைகளில் அப்பாவோ பாட்டியோ தூங்கவைத்துப் பார்க்கட்டும். நீங்கள் வெளியே போய்விடுங்கள். நீங்கள் அடுத்த அறையில் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் காப்பகத்தில் எல்லோரையும் நண்பகல் 12 மணிக்குத்தான் படுக்கவைக்கிறார்கள். என் 7 மாதக் குழந்தை 10 மணிக்கே சோர்ந்துவிடுகிறது.

பதில்: இதில் நான் உங்கள் பக்கம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சுவர்க் கடிகாரத்துக்குத் தூங்கச் சொல்வது நியாயமில்லை. 4 மாதக் குழந்தை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமும், 7 மாதக் குழந்தை இரண்டரை மணி நேரமும், ஒரு வயதை நெருங்கும் குழந்தை மூன்றரை மணி நேரமும் விழித்திருக்கலாம். ஏறத்தாழச் சொல்கிறேன், குழந்தைக்குக் குழந்தை மாறும்.

காலையில் விடும்போது ஒரு துண்டுத் தாள் கொடுங்கள்: 'எழுந்தது 6.30. கடைசியாகப் பால் 7.15. இரவில் இருமுறை விழித்தாள்.' எழுந்த நேரம் தெரிந்தால் காப்பாளர் 9 மணிக்கே கண்காணிக்கத் தொடங்குவார். பார்க்க வேண்டியது கொட்டாவியை அல்ல, அதற்கு முந்தைய அடையாளத்தை. கையிலிருக்கும் பொம்மையை விட்டுவிட்டு எங்கேயோ வெறித்துப் பார்க்கும். புருவத்தின்மேல் லேசாகச் சிவப்பு ஏறும். ஒரு கை காது மடலைத் தேடிப் போகும். அப்போதே கட்டிலுக்குக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. முதுகை வில்லாக வளைத்து அழத் தொடங்கிவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

கேள்வி: நான் காப்பாளர். 4 மாதக் குழந்தை ஒன்று மல்லாக்கப் போட்டால் தூங்குவதில்லை. 'வீட்டில் குப்புறத்தான் படுக்கும், அப்படியே போடுங்கள்' என்று அதன் அம்மா சொல்கிறார்.

பதில்: போடாதீர்கள். எத்தனை முறை கேட்டாலும் போடாதீர்கள். ஒரு வயதுவரை, பகலோ இரவோ, மல்லாக்கத்தான். அமெரிக்காவில் 1994இல் இதை வலியுறுத்திப் பெரிய பிரசாரம் தொடங்கிய பின், தூக்கத்திலேயே நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மல்லாக்கப் படுத்துப் பழகிய குழந்தையை வேறொருவர் குப்புறப் போடும்போது ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும்.

மெத்தை கெட்டியாக, சமதளமாக இருக்கட்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கட்டிலில் வேண்டாம். துணியால் சுற்றிப் படுக்கவைக்கும் பழக்கம் இருந்தால், புரள முயலும் அறிகுறி தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் அப்படியே விட்டுவிடலாம். ஊஞ்சல் நாற்காலியிலோ கார் இருக்கையிலோ தூங்கிப்போனால் எடுத்துக் கட்டிலில் கிடத்துங்கள். தலை முன்னால் சாய்ந்து மூச்சுக்குழல் மடங்கக்கூடும். விழித்துக்கொள்ளுமே என்பீர்கள். விழிக்கட்டும்.

கேள்வி: பகலில் தூங்காமல் இருந்தால் இரவில் நன்றாகத் தூங்குவான்தானே?

பதில்: பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். அசதி எல்லை மீறினால் உடல் விழிப்புக்கான ஹார்மோன்களைச் சுரக்கும். இரவிலும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுவான்.

கேள்வி: தூக்கம் வருவதற்குச் சளி மருந்து கொஞ்சம் கொடுக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: கூடாது. ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

கேள்வி: 13 மாத மகளைப் பெரிய குழந்தைகள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரே தூக்கம்தான். 11 மணிக்குச் சாப்பாட்டுத் தட்டிலேயே சாய்ந்துவிடுகிறாள்.

பதில்: இரண்டு தூக்கம் ஒன்றாகக் குறைவது வழக்கமாக 13 முதல் 18 மாதத்துக்குள் நடக்கும். உங்கள் மகள் வரிசையில் முன்னால் நிற்கிறாள், அவ்வளவுதான். சாப்பாட்டை 10.45க்கு முன்தள்ளி, 11.15க்குப் படுக்கவைக்க முடியுமா என்று கேளுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் பின்னால் நகர்த்தினால் மற்றவர்களோடு சேர்ந்துவிடுவாள். விடுமுறை நாளில் வீட்டில் இரண்டு முறை தூங்கினால் தூங்கட்டும். பழக்கம் கெட்டுப்போகும் என்று தட்டி எழுப்ப வேண்டாம்.

கேள்வி: மாலை 5.30க்கு அழைத்து வரும்போது காரிலேயே தூங்கிவிடுகிறான் (10 மாதம்). பிறகு 8 மணிக்குப் படுக்க மறுக்கிறான்.

பதில்: அந்த வண்டித் தூக்கத்தைத் தடுக்கப் போராடாதீர்கள். 15, 20 நிமிடம் விட்டு, வீடு வந்ததும் எழுப்பிவிடுங்கள். எழுப்பினால் கொஞ்சம் சிணுங்குவான்; முகத்தை ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 8 மணிக்குத் தூக்கம் வராவிட்டால், அன்று மட்டும் 8.30 ஆக்குங்கள். அவன் மாலை 4 மணிக்கு மேல் காப்பகத்தில் தூங்குகிறானா என்றும் கேட்டுப் பாருங்கள்.